படத்துடன் விளக்கவும்

"அச்சகம் இருக்கு. அடகுக்கடை இருக்கு. அழகு நிலையம் இருக்கு. ஓவியரை மட்டும் காணோம் மாமா" என்றார் பென்சில், திரையை மூன்றாவது முறையாக மேலும் கீழும் உருட்டிவிட்டு.

"'ஓ' வரிசையில நல்லாப் பாருங்க மாப்பிள்ளை."

"'ஓ'வுல ஓட்டல் இருக்கு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கு. அதோட சரி."

பென்சில் என்பது பட்டப்பெயர். ஆறடி உயரம், ஒடிசலான உடம்பு, காதிடுக்கில் எந்நேரமும் ஒரு பென்சில். இரண்டு வருடத்துக்கு முன்பு விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொந்தமாகப் படம் வரைந்து கொடுக்க ஆரம்பித்தவர். படம் வாங்க வருகிறவர்கள் இதுவரை பணத்தைக் கையில்தான் கொடுத்தார்கள். அவரும் எண்ணிப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பழக்கத்துக்குப் போன சனிக்கிழமை ஒரு பல் டாக்டரம்மா முற்றுப்புள்ளி வைத்தார்.

குழந்தைகள் காத்திருக்கும் அறைக்கு ஆறு படங்கள் வேண்டும். முதலை பல் தேய்க்கிற மாதிரி ஒன்று, யானை தந்தம் தேய்க்கிற மாதிரி ஒன்று, இப்படி ஆறு. ஒவ்வொன்றும் பாதிக் கதவு அகலம். இந்த வருடத்தில் பென்சிலுக்கு வந்ததிலேயே பெரிய வேலை. விலையில் டாக்டரம்மா பேரம் பேசவே இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"நான் கார்டுலதான் பணம் கட்டுவேன். கிளினிக் கணக்கை என் தம்பி பார்த்துக்கறான். ரசீது இல்லாம பஞ்சு வாங்கினாக்கூடப் பத்து கேள்வி கேப்பான். நீங்க லிங்க் அனுப்புங்க, அமுக்கிக் கட்டிடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரணும். இல்லேன்னா கடையில ரெடிமேடா ஆறு படம் வாங்கி மாட்டிடலாம்னு அவன் ஒத்தைக் கால்ல நிக்கிறான்."

"தாராளமா அனுப்பறேன் டாக்டர்" என்று சொல்லி போனை வைத்தபிறகுதான், என்ன லிங்க், எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் பென்சிலுக்கு உறைத்தது.

வழி சொன்னது மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். "எங்க கடையில கார்டு வாங்கறதெல்லாம் ஒரு கம்பெனி மூலமாத்தான். நம்ம மாதிரி தனியா வேலை செய்யறவங்களுக்கும் அவங்க கணக்கு தராங்க. இன்டர்நெட்ல விண்ணப்பம் போடணும். ஒரு தடவை சரிபார்ப்பாங்க. அப்புறம் லிங்க் அனுப்பிப் பணம் வாங்கிக்கலாம். அரை மணி நேர வேலை" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "அப்பாவை மட்டும் பக்கத்துல விட்டுராதீங்க" என்றும் சொன்னாள்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாமனார் முப்பத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து, மற்றவர்களுடைய விண்ணப்பங்களை நிராகரித்தே ஓய்வு பெற்றவர். படிவம் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓய்வுக்குப் பிறகு நிராகரிக்க எதுவும் கிடைக்காமல் கொஞ்சம் இளைத்திருந்தார்.

"இதோ பாருங்க, 'வண்ணம் பூசுதல்'னு ஒண்ணு இருக்கே. நீங்க வண்ணம் பூசறதில்லையா?"

"அது சுவருக்கு அடிக்கிறவங்களுக்கு மாமா."

"சுவருக்குன்னு போட்டிருக்கா? போடல. போடாததை நாமளா போட்டுப் படிக்கக் கூடாது. அமுக்குங்க."

பென்சில் அமுக்கினார்.

மதியத்துக்குள் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து பதில் வந்தது: "விண்ணப்பம் கிடைத்தது. தொழில் நடைபெறும் இடத்தின் படம் ஒன்றை இணைக்கவும்."

பென்சில் முகம் மலர்ந்தது. படிவத்தில் இதுவரை கேட்டதிலேயே அவருக்குத் தெரிந்த விஷயம் இதுதான். காதிலிருந்து பென்சிலை உருவினார்.

"இருங்க" என்று தடுத்தார் மாமனார். "தொழில் நடக்கிற இடம்னா போர்டு இருக்கும். போர்டு இல்லாத இடத்தைப் படமாப் போட்டா திருப்பி அனுப்பிடுவான். நானா இருந்தா அனுப்புவேன்."

"சரி, ஒரு போர்டையும் சேர்த்து வரைஞ்சுடறேன்."

"இல்லாத போர்டை இருக்கிற மாதிரி வரையறதா? அது பொய்த் தகவல் மாப்பிள்ளை! முதல்ல போர்டை மாட்டுவோம். அப்புறம் பார்த்து வரைவோம்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பென்சிலுக்குப் பட்டது. மாமனார் சொல்கிற எல்லாவற்றிலும் ஒரு நியாயம் இருக்கும். அதுதான் பிரச்சினை.

பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, 'வண்ணம் பூசுதல்' என்று பெரிதாக எழுதி, வாசல் கதவில் மாட்டினார்கள். பிறகு பென்சில் வரைந்தார். சாப்பாட்டு மேசை, அதன்மேல் வர்ணக் கிண்ணங்கள், கிண்ணங்களுக்கு நடுவே இடம் கிடைக்காமல் தவிக்கும் சாப்பாட்டுத் தட்டு, மேசைக்கு அடியில் மடக்கி வைத்த தன்னுடைய நீண்ட கால்கள், ஓரத்தில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஆள்காட்டி விரலை நீட்டி நிற்கும் மாமனார். வாசலில் போர்டு. அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பதில் வந்தது.

"படம் கிடைத்தது. மேசையின் ஓரத்தில் விரலை நீட்டி நிற்கும் பெரியவரின் பொறுப்பு என்ன? படத்துடன் விளக்கவும்."

மாமனார் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "பார்த்தீங்களா? இதுதான் ஆபீஸ்! எவ்வளவு நுணுக்கமாப் பார்க்கறான் பாருங்க! எங்க காலத்துல நான் ஒருத்தன்தான் இப்படிப் பார்த்தேன்."

"என்னன்னு சொல்றது மாமா?"

"'நிர்வாக ஆலோசகர், ஊதியம் இல்லை'ன்னு போடுங்க. முகத்துல கொஞ்சம் கம்பீரம் வரட்டும்."

பென்சில் வரைந்துகொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. வீட்டுக்காரர். இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கதவில் தொங்கிய அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வீட்டைக் குடியிருக்கத்தான் கொடுத்தேன். கடை வைக்கக் கொடுக்கல."

"சார், இது சும்மா ஒரு..." என்று ஆரம்பித்த பென்சிலை மாமனார் ஒரு பக்கமாகத் தள்ளினார்.

"கடையே இல்லீங்க. வெறும் பெயின்ட் வேலை. உங்களுக்கும் நல்லதுதானே? மாடிப்படிச் சுவரெல்லாம் உரிஞ்சு கிடக்கே, மாப்பிள்ளை அடிச்சுக் கொடுத்துருவாரு. சும்மாவே!"

வீட்டுக்காரருடைய கைகள் இடுப்பிலிருந்து மெதுவாக இறங்கின. "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார்.

"நாளைக்கே" என்றார் மாமனார்.

கதவை மூடியதும் பென்சில் கேட்டார். "மாமா, எனக்குச் சுவருக்கு அடிச்சுப் பழக்கமே இல்லையே?"

"விண்ணப்பத்துல அப்படித்தானே போட்டிருக்கோம்? நாளைக்கு யாராவது நேர்ல வந்து பார்த்தா? சுவர்ல வேலை நடந்துக்கிட்டிருந்தா நமக்குத்தானே பலம்!"

இதிலும் ஒரு நியாயம் இருந்தது. பென்சில் பெருமூச்சு விட்டுவிட்டு, வரைந்துகொண்டிருந்த படத்தில் வாசற்படியில் நிற்கும் வீட்டுக்காரரையும் சேர்த்து, அனுப்பிவைத்தார்.

புதன்கிழமை ஏணி வந்தது. வெளிர்நீலப் பெயின்ட் வந்தது. பல் டாக்டரின் ஆறாவது படமான நீர்யானை, பாதி வாயைத் திறந்தபடி மேசைமேல் அப்படியே கிடக்க, பென்சில் மாடிப்படிச் சுவரோரம் ஏணிமேல் நின்றார். மாமனார் ஏணியைப் பிடித்துக்கொண்டு, விட்டுப்போன இடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு அடுத்த பதில்: "கட்டட உரிமையாளருக்கு ஆட்சேபம் உள்ளதா? இல்லையெனில் அவர் ஏன் இடுப்பில் கை வைத்திருக்கிறார்? படத்துடன் விளக்கவும்."

"அடேயப்பா!" என்றார் மாமனார். ஏணியை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

ஏணி ஆடியது. பென்சில் சுவரைக் கட்டிக்கொண்டு தப்பித்தார். ஆனால் பெயின்ட் வாளிக்குக் கட்டிக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. அது ஒவ்வொரு படியாக உருண்டு, ஒவ்வொரு படிக்கும் தாராளமாகக் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

இருவரும் துடைக்கத் துணி தேடி உள்ளே ஓடினார்கள். துணியோடு திரும்பியபோது மேல்வீட்டுத் தையல்காரம்மா, வாயில் ஊசியும் கையில் துணிமூட்டையுமாகக் கால் வைக்கிற இடத்தைப் பார்க்காமலே மாடியேறிப் போயிருந்தார். கீழ்ப்படியிலிருந்து அவர் வீட்டு வாசல்வரைக்கும் வெளிர்நீலச் செருப்புத் தடங்கள் வரிசையாகப் போயின.

"ஐயையோ, என் செருப்பு!" என்று மேலிருந்து குரல் கேட்டது.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து வந்தாள். பெயின்டை மிதிக்காமல் ஓரமாக நடந்து வீட்டுக்குள் வந்து, கணவரின் நீல மூக்கையும் அப்பாவின் நீலப் புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"லிங்க் ரெடியா?"

"இன்னும் ஒரே ஒரு படம்தான்" என்றார் பென்சில்.

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க?"

"அது வேற படம்மா" என்றார் அப்பா. இடுப்பிலிருந்து கையை இறக்கிய வீட்டுக்காரரோடு, உருண்ட வாளியையும் செருப்பு நீலமான தையல்காரம்மாவையும் சேர்த்து வரைந்து, பென்சில் அன்று இரவே அனுப்பினார்.

வியாழக்கிழமை விடிந்தபோது தடங்கள் நன்றாகக் காய்ந்திருந்தன. தேய்த்தும் போகவில்லை, சுரண்டியும் போகவில்லை. பென்சில் ஒரு படியில் உட்கார்ந்து ஒரு தடத்தையே வெகு நேரம் பார்த்தார். பிறகு அதற்கு ஒரு அலகு வரைந்தார். ஒரு கண் வைத்தார். தடம் வாத்து ஆகிவிட்டது. வேறு வழி தெரியாததால் அடுத்ததையும் வாத்தாக்கினார். மதியத்துக்குள் இருபத்தாறு வாத்துகள் வரிசையாக மாடியேறித் தையல்காரம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

வீட்டுக்காரர் வந்தார். கை மறுபடியும் இடுப்புக்குப் போனது. முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும் பார்த்தார். பென்சில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது என்ன?"

"வாத்து சார்."

"ஏன் ஒரு மாடியோட நின்னுபோச்சு?"

"சார்?"

"மேல இன்னும் ரெண்டு மாடி இருக்கே. அங்க குடியிருக்கறவங்க என்னை என்ன நினைப்பாங்க? பாரபட்சம் பார்க்கறான்னு சொல்ல மாட்டாங்க? மூணு மாடிக்கும் போட்டுருங்க."

நீர்யானை மேசைமேல் வாயைத் திறந்தபடியே கிடந்தது. நாளை வெள்ளிக்கிழமை.

மூன்று மணிக்கு வந்த பதிலை மாமனார் எழுந்து நின்று படித்தார்: "வாளி விழுந்ததில் பாதிக்கப்பட்ட தையல் தொழிலாளியின் செருப்புக்கு இழப்பீடு வழங்கப்பட்டதா? அவர் சமாதானமடைந்தாரா? படத்துடன் விளக்கவும்."

"வாடிக்கையாளர் பாதுகாப்பு மாப்பிள்ளை! கார்டு கம்பெனின்னா சும்மாவா? ஒரு செருப்பைக்கூட விட மாட்டேங்கறான்!"

"எனக்கென்னவோ இவங்க கணக்கே கொடுக்க மாட்டாங்கன்னு தோணுது மாமா." பென்சில் தூரிகையைக் கீழே வைத்தார். "எத்தனை கேள்விதான் கேப்பாங்க? என்னைப் பார்த்தா ஏமாத்தறவன் மாதிரி இருக்கா? வேலையை விட்டதே தப்போ என்னவோ. ஆபீஸ்ல இருந்தப்ப மாசம் பொறந்தா சம்பளம் வந்துது. யாரும் என்கிட்ட படத்துடன் விளக்கவும்னு கேக்கல."

மாமனார் தன் கைக்காசைக் கொண்டுபோய்த் தையல்காரம்மாவுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். "வாங்கிக் கொடுத்தாச்சு. இனிமே வரைஞ்சா பொய் இல்ல" என்றார்.

பென்சில் வரைந்தார். புதுச் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாத்துகளை மிதிக்காமல் வெறுங்காலோடு தாண்டித் தாண்டிப் போகும் தையல்காரம்மாவை.

வெள்ளிக்கிழமை மதியம் டாக்டரம்மாவே கூப்பிட்டார்.

"என்ன சார், லிங்க் வரலையே? தம்பி கடைக்குக் கிளம்பிட்டான். ஷூவெல்லாம் போட்டுட்டான். நாலு மணி வரைக்கும் நான் பிடிச்சு வைக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அன்று மனைவிக்கு அரை நாள் வேலை. உள்ளே வந்தவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. மேசையைப் பார்த்தாள், நீர்யானையைப் பார்த்தாள், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவரைப் பார்த்தாள்.

"நகருங்க. நான் பார்க்கறேன்."

"அனுமதி வரலைம்மா" என்றார் அப்பா.

"'பணம் கேட்க லிங்க் உருவாக்கு'ன்னு இங்க ஒரு பச்சைப் பொத்தான் இருக்கே. இதை அமுக்கிப் பார்த்தீங்களா?"

"அமுக்கறதா? அனுமதி வராமலா?" அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "விண்ணப்பமே ரத்தாயிடும்!"

"அமுக்கினா வெடிச்சிடுமாப்பா?"

அமுக்கினாள். ஆறு படத்துக்கான தொகையைப் போட்டாள். லிங்க் வந்தது. டாக்டரம்மாவின் எண்ணுக்கு அனுப்பினாள். மூன்று பேரும் வெடிக்கப்போகும் பட்டாசைப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் தள்ளி நின்று போனையே பார்த்தார்கள்.

இரண்டாவது நிமிடம் அது மணியடித்தது.

"வந்துருச்சு சார், கார்டைப் போட்டுக் கட்டிட்டேன்! ரசீதும் வந்துருச்சு. ஆனா அதுல 'வண்ணம் பூசுதல்'னு இருக்கு."

"டாக்டர், அது வந்து..." என்று இழுத்தார் பென்சில்.

"ரொம்ப நல்லதாப் போச்சு சார். ஓவியம்னு இருந்தா ஆடம்பரச் செலவுன்னு தம்பி ஒரு வாரம் பேசியிருப்பான். வண்ணம் பூசுதல்னதும் கட்டடப் பராமரிப்புன்னு எழுதிட்டு ஷூவைக் கழட்டிட்டான். நீர்யானை எப்ப வரும்?"

"நாளைக்கு டாக்டர்! நாளைக்கே!"

போனை வைத்துவிட்டுப் பென்சில் கணக்கைத் திறந்து பார்த்தார். பணம் முழுசாக உட்கார்ந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இருந்தது. மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அவள் கையிலும் கொஞ்சம் நீலம் ஒட்டிக்கொண்டது.

சிரிக்காமல் நின்றவர் மாமனார் ஒருவர்தான்.

"தப்பு நடந்துபோச்சு" என்றார். "சரிபார்ப்பு முடியல. இன்னும் கேள்வி கேட்டுக்கிட்டிருக்கான். அனுமதி இல்லாத கணக்குல பணம் வந்திருக்குன்னா அது என்ன பணம்? நாளைக்குத் தூக்கம் வருமா உங்களுக்கு?"

"அப்பா!"

"நானா இருந்தா நடவடிக்கை எடுப்பேன்மா. அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாமளே போன் பண்ணிச் சொல்லிடறது மரியாதை."

இதிலும் ஒரு நியாயம் இருந்துதொலைத்தது. பென்சிலின் சிரிப்பு பாதியில் நின்றது. மனைவி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், கம்பெனியின் எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசை நடுவில் வைத்தார். சரிபார்ப்புப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், என்னை மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தார் பென்சில், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான் படம் வரையறவன். விண்ணப்பத்துல வண்ணம் பூசுதல்னு தப்பாப் போட்டுட்டேன். உங்க சரிபார்ப்பு முடியறதுக்கு முன்னாடியே ஒருத்தர்கிட்ட கார்டுல பணமும் வாங்கிட்டேன். வேணும்னு செய்யல. நீங்க சொன்னா திருப்பிக் கொடுத்துடறேன்."

அந்தப் பக்கம் போன் வாயைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. பலபேர் நடந்து வந்து ஒரே இடத்தில் கூடுகிற மாதிரி இருந்தது.

"சார்" என்றாள் அந்தப் பெண், தயங்கியபடி. "கண்ணாடி போட்ட பெரியவர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன்மா" என்றார் மாமனார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு. "எந்த நடவடிக்கையா இருந்தாலும் சொல்லுங்க. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ்ல இருந்தவன். தாங்கிக்குவேன்."

"நடவடிக்கையெல்லாம் எங்க மேல எடுக்காம இருந்தாச் சரி சார். முதல் படம் வந்த அன்னிக்கே ஓவியர்னு திருத்தாம விட்டது எங்க தப்புதான், ஆனா கணக்கை அன்னிக்கே திறந்துட்டோம்; அதுக்கப்புறம் வந்த கேள்வியெல்லாம், அடுத்து என்ன நடந்துதுன்னு தெரியாம இங்க இருபது பேருக்கு வேலையே ஓடாததால கேட்டது!"